மெத்தை மேல் பழகிய ஆட்டம்

மாமா,

தேன்மொழியைச் சிதம்பரத்தில் இன்னொரு நாட்டியப் பள்ளிக்குத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் தூங்கினீர்கள், எழுப்பவில்லை. மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. சோறு மட்டும் வடித்துக்கொள்ளுங்கள்.

கடலூர்ப் பள்ளியில் இவளை எடுக்கவில்லை என்றதும் நேற்று, "ஒழுங்கா ப்ராக்டிஸ் பண்ணியிருக்க மாட்டா" என்று கத்தினீர்களே. அங்கிருந்த டீச்சர் சொன்னது இதுதான்: "கை, கண்ணு எல்லாம் நல்லாருக்கு. கால் தட்டுற சத்தந்தான் வரல."

பகலில் உங்கள் தூக்கம் கெடக் கூடாதென்று மூன்று வருஷமாக மெத்தை மேல்தான் ஆடிப் பழகினாள். "அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள் உங்கள் மகள். எனக்கு மனசு கேட்கவில்லை.

மாலதி

இன்னொன்று. "இன்னைக்காவது ஓங்கி மிதிடி" என்றேன். தலையாட்டினாள். ஆனால் நீங்கள் விழித்துக்கொள்வீர்கள் என்று இப்போதும் சலங்கையைத் துண்டில் சுற்றித்தான் எடுத்து வருகிறாள்.