எலும்புப் படம் மாட்டிய வீடு

அன்பு கிஷோருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் நைனா, தங்கை யாமினி மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு நீயே முடிவுசெய்துகொள். டப்ளினில் மழை விட்டதா, உனக்குச் சளி விட்டதா, எது முதலில் விட்டாலும் தெரிவி. போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் நைனா பிடுங்கிக்கொள்கிறார், பக்கத்து அறையில் யாமினி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள், மெசேஜ் அடிக்கலாமென்றால் எனக்குக் கட்டைவிரலால் யோசிக்க வராது. அதனால் பழைய வழக்கப்படி காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

யாமினி திருப்பதியில் பியூட்டீஷியன் கோர்ஸ் சேர்ந்தது உனக்குத் தெரியும். புருவம் திருத்தவும் லிப்ஸ்டிக் போடவும் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நம்பித்தான் நானும் அனுப்பினேன். முதல் இரண்டு மாதம் லிப்ஸ்டிக்கைக் கண்ணிலேயே காட்டவில்லை. சுத்தம், தொழில் ஒழுங்கு, உடற்கூறு என்று மூன்று பாடம், அதுவும் பாதி தெலுங்கு பாதி இங்கிலீஷ். கழுவுவது வேறு, கிருமியைக் குறைப்பது வேறு, கிருமியே இல்லாமல் செய்வது வேறு என்று ஒருநாள் வந்து சொன்னாள். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே நான் உங்கள் இருவரையும் வளர்த்து ஆளாக்கிவிட்டேன், எப்படிப் பிழைத்தீர்கள் என்று தெரியவில்லை. நம் வீட்டுச் சீப்புகளெல்லாம் இப்போது ஒரு நீல மருந்துத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கின்றன, தலைவார வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒருவர் துடைத்த துண்டை இன்னொருவர் தொடக் கூடாது என்றாள். கல்யாணம் ஆனவங்களுமா என்று நைனா கேட்டார். ஆனவங்களும்தான் என்றாள். தொழில் ஒழுங்கு என்ன சொல்கிறதென்றால், வாடிக்கையாளரிடம் சாமி, அரசியல், சம்பளம், அடுத்த வீட்டுச் சங்கதி நான்கையும் பேசக் கூடாதாம். இந்த நான்கும் போனால் புத்தூரில் வெயிலைப் பற்றித்தான் பேசலாம், அதுவும் இரண்டாவது வாக்கியத்தில் அரசியலாகிவிடும். இன்னொரு விதியும் உண்டு. யாருக்கும் இன்ன நோய் என்று நாம் சொல்லக் கூடாது, சந்தேகம் வந்தால் கைவைக்காமல் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வை, மற்றதெல்லாம் இதில் வந்துதான் முட்டியது.

உடற்கூறு பாடம் நைனாவின் மேல்தான் நடந்தது. முகத்தில் பதினான்கு எலும்பு என்று அவர் காபி குடிக்கும்போது ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேர் சொல்வாள், பதினான்கு முடிவதற்குள் காபி ஆறிவிடும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தன்னிடம் இத்தனை இருந்தது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்கிற பெருமைதான். படிப்பதற்காக அவள் ஆளுயர எலும்புக்கூட்டுப் படம் ஒன்றை வாங்கிவந்தாள். நைனா அதை லேமினேஷன் செய்து, வீட்டில் ஒரு பெண் படிக்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று முன்னறைச் சுவரில் தெருவைப் பார்க்க மாட்டினார். கை கால் முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ தேடி வந்து இறங்கும் ஊரில், வாசலுக்கு நேரே எலும்புப் படம் மாட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஆர்டிசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, அப்படிப்பட்ட ஜனங்களையே காலமெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நூலகத்தில் வேலை பார்த்தவள், படம் இருந்தால் பக்கத்தில் விளக்கம் இருக்கும், ஜனங்கள் அதைப் படிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் வந்தவர் வரதய்யபாளையத்துக்காரர், கிருஷ்ணப்பா என்று பேர், முட்டி வீங்கியிருந்தது. யாமினி வெள்ளைக் கோட்டும் மாஸ்க்குமாகப் பயிற்சிப் பொம்மைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இது அழகு வேலைங்க, எலும்பு வேலை இல்லை என்று சொல்லி, பொம்மையைத் தொட்டதற்காகக் கையைக் கழுவினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எவ்ளோ எடம் பார்த்துட்டேம்மா, இப்படிக் கை கழுவினவங்க யாரும் இல்ல என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கட்டத் தெரியாது என்றாள். தெரிஞ்சவங்கதான் தெரியாதுன்னு சொல்லுவாங்க என்றார். காசு வேண்டாம் என்றாள், அதோடு முடிந்தது, அவர் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். பாடப் புத்தகத்தில் இருந்த ஒழுங்கு ஒவ்வொன்றும் அவளுக்கு எதிராகவே வேலை செய்தது. நைனாவோ வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, பழக்கதோஷத்தில், உள்ள தள்ளி உட்காருங்க, எடம் கீது என்று வரிசையாக உட்காரவைத்தார். கட்டுப் போடும் இடத்துக்கு வழிசொல்லி அனுப்புவதே என் வேலையாகிவிட்டது. படத்தைக் கழற்றி உள்ளே வைத்தும் பயனில்லை, வெள்ளைக் கோட்டுப் பொண்ணு வீடு என்று ஆட்டோக்காரர்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. இதையெல்லாம் அன்றைக்கே உனக்கு எழுதியிருந்தால் இருவரும் சிரித்திருக்கலாம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை நகரியிலிருந்து நாகபூஷணம் என்பவர் தன் மனைவி செல்வியை அழைத்து வந்தார். இருவரும் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர்கள். துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. முந்தின நாளே அவர் வீட்டில் மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டியிருக்கிறார். ஆசையாகக் கட்டியிருக்கிறார், இறுக்கினால்தான் எலும்பு கூடும் என்று முழுப் பலத்தையும் போட்டு. செல்வி சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்தாள். ராத்திரியெல்லாம் துடிச்சிகினு இருந்தேம்மா, காலையிலேர்ந்து வலி வுட்டுப்போச்சி, இப்போ விரல்ல ஒண்ணுமே தெரியல, ஆய்கினு வருது போல என்றாள். நான் கூட நல்லது என்று சொல்லிவிட்டு மோர் கொண்டுவரப் போனேன். யாமினி கட்டைப் பார்க்கவில்லை, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தாள். அவள் வகுப்பில் நகத்துக்கென்று ஒரு பாடம். நகத்தை அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் உடனே சிவக்க வேண்டும், சிவக்காவிட்டால் அந்தக் கைக்கு நகப்பூச்சு வேலை செய்யக் கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அழுத்தினாள், விட்டாள். சிவக்கவில்லை. மற்ற விரல்களையும் பார்த்தாள். நான் மோரோடு வந்தபோது அவள் முகத்தில் அந்தப் பதினான்கு எலும்புதான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

கட்டை அவிழ்க்கணும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றாள். நாகபூஷணம் அசையவில்லை. ஆஸ்பத்திரின்னா கையை எடுத்துடுவாங்க மேடம், நாங்க தறிகாரங்க, நீயே பார்த்து அவுத்துக் கட்டிடு என்றார். நான் கைவைக்கக் கூடாது என்றாள். தெரிஞ்ச கைதானே என்றார். நைனா 108-க்குப் போன் போட்டார். யாமினி கையில் கத்தரிக்கோலோடு டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சர் சொன்னது தப்பில்லை, அது உன் எல்லை இல்லம்மா, தொடாதே, அனுப்பிவிடு என்றார். அனுப்பத்தான் முயல்கிறோம், போக மாட்டேன் என்கிறார்களே, அதற்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று யாமினி கேட்டது அந்தப் பக்கம் கேட்டதோ இல்லையோ. நைனா வாசலில் நின்று, பழைய கண்டக்டர் குரலில், வண்டி போகாது, எறங்குங்க, எறங்குங்க என்று கத்தினார். யாரும் இறங்கவில்லை. உனக்குச் சொல்கிறேன், எத்தனை நேரம் அப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது, யாமினிக்குத் தெரியும், அதைத்தான் அவள் இப்போது ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் நான்தான் அவள் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினேன். எனக்கு எல்லை கிடையாது, நான் எந்தக் கோர்ஸும் படித்தவள் இல்லை. அந்த நேரத்திலும் கையைக் கழுவிட்டு வெட்டும்மா என்றாள். கழுவிவிட்டுத்தான் வெட்டினேன். துணி சதையில் பதிந்திருந்தது. அவிழ்த்ததும் செல்வி அலறினாள், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள். நாகபூஷணம் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் அவர்களோடு நைனாவும் ஏறிக்கொண்டார்.

கையைக் காப்பாற்றிவிட்டார்கள். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் ரத்தம் திரும்பவில்லை, இது எனக்கே ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. நாகபூஷணம் வார்டு வராந்தாவில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம், கூடிகினு இருந்த கட்டைப் புத்தூர்ல ஒரு வீட்ல அவுத்துட்டாங்க, அதான் இப்படி ஆயிடுச்சி என்று சொல்கிறாராம். அந்தப் பொண்ணு இங்க வந்தா நான் மனுசனா இருக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவரிடம் எப்படி விளக்குவது. அவர் இறுக்கிக் கட்டியதுதான் காரணம் என்று தெரிந்தால் அவர் தாங்க மாட்டார், தெரியாவிட்டால் நாம் தாங்க வேண்டும், இதில் எது நியாயம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. நைனா தினமும் இட்லி கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறார், அவர்களும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அவர் வந்ததும் யாமினி கேட்பது ஒன்றுதான், நகம் அழுத்திப் பார்த்தியா நைனா, வெள்ளையா சிவப்பா. அஞ்சும் சிவப்பும்மா என்கிறார். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கென்று சொல்லிவிட்டுப் போய் நேரில் பார்த்தேன். இரண்டு விரலும் கறுத்துவிட்டன. வருகிற திங்கட்கிழமை எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். செல்வி என்னைப் பார்த்துத் திட்டவில்லை. அறுந்த நூலை முடிச்சுப் போட எத்தனை விரல் வேணும்னு இடது கையால போட்டுப் பார்த்துகினு கீறேன்கா என்றாள். கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை யாமினிக்குச் செய்முறைத் தேர்வு, கை, நகப் பராமரிப்பு. அவள் போக மாட்டேன் என்கிறாள். முதல் நகத்தை அழுத்தியவுடன் நான் வெட்டியிருக்கணும், அனுமதி கேட்டுக்கிட்டு நின்னேன், அப்படிப்பட்டவ அடுத்தவங்க கையைத் தொடக் கூடாது என்கிறாள். நீ விதிப்படிதான் நடந்தாய் என்றேன், அதுதாம்மா சொல்றேன் என்றாள். தேர்வுக்குக் கை நீட்ட ஒரு ஆள் வேண்டும், நானே வருகிறேன் என்று நேற்றுச் சாயங்காலம் அவள் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் சுண்டு விரல் நகத்தை அழுத்தினாள், விட்டாள். சிவந்தது. சிவந்த பிறகும் கையை விடவில்லை. இன்று காலை கோட்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

உனக்குத் தீர்க்காயுசு உண்டாகட்டும், வேலை நிலைக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். வேளைக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸோடு திரியாதே. முக்கியமாக, இந்தப் பக்கங்களைப் படித்ததும் அழித்துவிடு, நானும் என் போனில் அழித்துவிடுகிறேன். யாமினி உனக்குப் போன் செய்து நைனா உன்கிட்ட என்ன சொன்னார் என்று கேட்டால், அஞ்சும் சிவப்பு என்றே சொல். உனக்குப் பொய் வராது என்றால் ஆபீசில் இருக்கிறேன் என்று வைத்துவிடு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை நானே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரத்தினம்மா
புத்தூர், புதன்கிழமை