பூஜைக்கு லீவு போட்ட பெட்டி

20.10.2005

நேற்றைய இடியில் தேயிலைத் தோட்டக் காரியாலயத்தின் பெரிய கம்ப்யூட்டர் கருகிவிட்டது. தொழிலாளர் வேலைக்கு வந்த நாள் கணக்கெல்லாம் அதில்தான். பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி பதறவில்லை; கணக்குப் பதியும் என்னிடம் சொன்னார்: "ரெண்டாவது பெட்டி இருக்குல்ல ஐவி? எல்லாத்தையும் அப்படியே காப்பி எடுத்து வச்சிருக்கும்."

அந்தப் பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அட கர்த்தரே!

கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ஜெயரத்தினம் கொழும்பிலிருந்து போனில் சொன்னார்: "கடைசியா எப்ப கொப்பி ஆனது எண்டு பாருங்கோ, பிள்ளை."

பார்த்தேன். ஆயுத பூஜையன்று. ஒரு வாரத்துக்கும் மேலாகிறது.

21.10.2005

ஆயுதத்துக்கு ஓய்வு வேண்டுமாம். பூஜையன்று பெரிய கிளாக்கர் இரண்டாவது பெட்டியை நிறுத்திப் பொட்டு வைத்திருக்கிறார். மறுநாள் போட்டாராம், பச்சை விளக்கு எரிந்ததாம். விளக்கு எரிந்தால் போதாது, நகல் எடுப்பதை நாம்தான் மறுபடி தொடக்கிவிட வேண்டும். அதை என்னிடம் கேட்டால் மரியாதை குறைந்துவிடுமே! அறைச் சாவியும் அவர் இடுப்பில்தான்.

அதற்குப் பிறகு பெண்கள் மழையில் நனைந்து கொழுந்து பறித்த ஒரு நாளுக்கும் பேர் இல்லை, அதாவது வேலைக்கு வந்த பதிவு இல்லை. கங்காணிமார் எழுதித் தந்த வருகைச் சீட்டுகள்? கம்ப்யூட்டர் வந்த பிறகு குப்பை எதற்கு என்று அன்றன்றே எரிக்கச் சொன்ன மகானும் இவரே.

22.10.2005

கருகியதிலிருந்து ஒன்றும் மீளாதாம், ஜெயரத்தினம் கையை விரித்துவிட்டார். ஆதாரமில்லாத நாளுக்குப் பேர் போட முடியாது என்று தோட்டத்து மேலாளர் துரை சொல்லிவிட்டார். பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. தீபாவளி வேறு வருகிறது!

பெரிய கிளாக்கர் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே, "எல்லாம் கடவுள் சித்தம்" என்றார்.

எந்தக் கடவுள்? பொட்டு வைத்தவரா?

23.10.2005

கொழுந்து பறிக்கும் வேலாயி சேர்ச் வாசலில் மறித்தாள். "ஏங்க மிஸ், அப்ப நாங்க மலைக்கே போகலீங்களா?"

ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன் — காரியாலயத்து ஆட்கள் வந்து போன கணக்கும் அதே பெரிய கம்ப்யூட்டரோடுதான் கருகிப்போச்சு, ஆனா பெரிய கிளாக்கருக்கு மட்டும் முழுச் சம்பளம் போட்டாச்சு என்று.

ஐயோ, இந்த வாய்! என் வேலை போய்விடுமோ?

24.10.2005

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கூடிய பெண்கள் யாரும் மலைக்கு ஏறவில்லை. துரையும் பெரிய கிளாக்கரும் ஓடி வந்தார்கள். வேலாயி கூடையை இறக்கி வைத்தாள்.

"பெரிய கிளாக்கரய்யா அத்தன நாளும் வேலைக்கு வந்தாருன்னு எந்தப் பெட்டிங்க சொல்லுச்சு, தொரை?"

துரை பெரிய கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் வானத்தைப் பார்த்தார். அங்கே மழைகூட இல்லை.

26.10.2005

துரை இறங்கி வந்துவிட்டார்: எல்லாருக்கும் முழுப் பேர். விரல் வலிக்க வலிக்க நானே பதிந்தேன். இரண்டாவது பெட்டியில் நகல் மறுபடி ஓடுகிறது. இனி அதன் நிலையைத் தினமும் நான்தான் துரையிடம் நேரே சொல்ல வேண்டுமாம்.

பெரிய கிளாக்கர் என்னோடு பேசுவதில்லை. காரியாலயத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை.