சிவப்பு நூல் கட்டிய கூடை

வூயி மலை
எட்டாம் மாதம், நிலாப் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு

அன்புள்ள லான்ஜி அக்காவுக்கு,

பிங்குன் மனைவி சூச்சின் எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். ஷாந்தோவில் உங்கள் தேநீர்க் கடையும் மகனும் புது மருமகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஒன்பது வருடமாக என் கணவருக்கு நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் "சூச்சினையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குத்தான் இன்று பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மழை விட்டுவிட்டது. கரி நன்றாகக் காய்ந்ததாகக் கிடைத்திருக்கிறது. பெரியவளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. என் கணவருடைய முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் கடிதம் வரும் நாளில் மட்டும் அந்த முழங்கால் வலிக்காது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து ஓடுவார். ஒரு தடவை தனக்குள் படிப்பார், அப்புறம் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். அவர் அனுப்பிய தேயிலையில் மூன்றாவது தடவை ஊற்றிய தண்ணீரில் பாறை வாசனை எழுந்தது, காலிக் கிண்ணத்தின் அடியில் ஆர்க்கிட் பூ மணம் நின்றது, தொண்டையில் இனிப்பு திரும்பி வர இவ்வளவு நேரம் ஆயிற்று என்று மூன்று பக்கம் எழுதியிருப்பீர்கள். படித்து முடித்து மடித்து உள்பையில் வைத்துக்கொள்வார். முப்பத்தோரு வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். என் சமையலைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் "இன்னிக்கு உப்பு ஜாஸ்தி", "இன்னிக்கு உப்பு பத்தல", இந்த இரண்டுதான்.

நீங்கள் இருவரும் அரசுத் தேயிலைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தீர்கள். அவர் தேயிலையைக் கரிச்சூட்டில் வாட்டுவார், நீங்கள் குடித்துப் பார்த்துச் சொல்வீர்கள். அதெல்லாம் என் கல்யாணத்துக்கு முந்தைய கதை, எனக்கு அதில் ஒன்றுமில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் எதற்குப் பொய்? எனக்குப் பொறாமை. வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை எழுதியிருந்தீர்களே, ஆறாம் மாதம் வாட்டிய ஷுய்ஷியான் தேயிலையைப் பற்றி. "இப்படி ஒரு சூட்டைக் குடித்து முப்பத்தைந்து வருடமாகிறது. முதலில் அடிக்க வருகிறது, அப்புறம் மன்னிப்புக் கேட்கிறது. என் பழைய பிங்குன் திரும்பி வந்துவிட்டார். பத்தாம் மாதம் நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்க்கப் போகிறேன்" என்று. அதையும் எனக்குச் சத்தமாகத்தான் படித்தார்.

அக்கா, அது அவர் கை இல்லை.

போன குளிர்காலத்தில் அவருக்கு ஒன்பது நாள் காய்ச்சல். எழுந்ததிலிருந்து அவர் உப்பைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கடைசியில் என் சமையல் பிடித்துவிட்டது போலும் என்று நான் அசடு மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் பழைய தேயிலையை மறுபடி வாட்டும்போது நண்பகலில் ஒரு கூடை தீய்ந்துகொண்டிருந்தது. வாசலில் துணி காயப்போட்ட எனக்கே நெடி அடிக்கிறது, அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக வெள்ளரி விதை கொறித்துக்கொண்டிருக்கிறார். நான் ஓடிப்போய்க் கூடையைத் தூக்கினேன். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காய்ச்சலோடு அவர் மூக்கும் நாக்கும் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து என் ஸ்டூலையும் கரிக்குழி பக்கத்தில் போட்டுக்கொண்டேன். முதலில் "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "பச்ச வாசன இன்னும் போகல" என்பேன். சூடு தணியக் கரிமேல் இவ்வளவு சாம்பல் போடு, இவ்வளவு எடு என்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். சாம்பல் கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. ஊருக்குத் தெரியாது. பொட்டலத்தின்மேல் அவர் பெயர்தான் இருக்கிறது.

உங்கள் கூடைக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் நல்ல தேயிலையாகப் பொறுக்கி உங்களுக்கென்று ஒரு கூடை எடுத்து, அதன் காதில் சிவப்பு நூல் கட்டி வைப்பார். இந்த வருடமும் கட்டினார். மூக்கு போயும் அது மட்டும் மறக்கவில்லை பாருங்கள். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கரியை மூடியிருந்த சாம்பலைச் சுரண்டி எடுத்தேன். தீயட்டும், இந்த வருடம் லான்ஜி அரைப் பக்கத்தோடு நிறுத்தட்டும் என்று நினைத்தேன்.

தீயவிட்டிருப்பேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் கூடையிலிருந்து ஒரு வாசனை வந்தது. வெல்லப்பாகு பதம் தாண்டப் போகிற வாசனை. தேயிலை என்ன பாவம் செய்தது? அள்ளி அள்ளிச் சாம்பலைப் போட்டு மூடி, சூட்டைத் தாழ்த்தி, பொழுது சாயும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். அடிக்க வந்தது என்றீர்களே, அது உங்களைத்தான். மன்னிப்புக் கேட்டது தேயிலையிடம். உங்களிடம் இல்லை.

என் வயிற்றெரிச்சலைக் குடித்துவிட்டு அவரைப் புகழ்கிறீர்கள். அவரும் கேட்டுக்கொண்டு, மடித்து, உள்பையில் வைத்துக்கொண்டு கரி உடைக்கப் போய்விட்டார். "இது உன்னோடது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அதுதான் ஆறவில்லை.

நீங்கள் பத்தாம் மாதம் வர வேண்டாம். வந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவீர்கள், அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியாது.

சூச்சின்

ஒன்பதாம் மாதம், இருபதாம் நாள்

அக்கா,

மேலே இருப்பதை எழுதித் தேயிலை டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். புதிதாக வாட்டியதை நாம் உடனே குடிப்பதில்லை, சூடு அடங்க விடுகிறோம், இதற்கும் அப்படி ஒரு மாதம் கொடுப்போம் என்று பார்த்தேன். இன்று எடுத்துப் படித்தேன். உங்கள் மருமகளைப் பற்றி எழுதிய ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் இன்னும் கொதிக்கிறது, இருக்கட்டும்.

இன்று காலையில் அவர் உங்களுக்கு எழுதிய பதிலை என்னிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். உறை ஒட்டவில்லை. கேட்டால், "பசை தீந்துபோச்சு, நீயே கடையில ஒட்டிப் போட்டுரு" என்றார். பசை டப்பா ஜன்னலில்தான் இருக்கிறது, முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

படித்தேன். யாராக இருந்தாலும் படிப்பார்கள்.

தன் மூக்கு போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். பொட்டலத்தில் இருப்பது பெயர் மட்டும்தான் என்றும் எழுதியிருக்கிறார். அப்புறம் இப்படி: "அந்தக் கூடை சூச்சின் வாட்டியது. அந்தச் சூட்டை அவள் எப்படிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால்கூட என் கைக்கு அது வந்ததில்லை, உங்கள் ஞாபகம் தவறு. நீங்கள் வந்தால் அவள் கையைப் பாருங்கள்."

தபால் போடப் போகும் பாதையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிந்ததும் மறுபடி கோபம் வந்தது. என்னைப் பற்றி முப்பத்தோரு வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வந்திருக்கிறது, அதையும் உங்களிடம்தானா சொல்ல வேண்டும்? எனக்கு ஒட்டாத உறை, உங்களுக்குக் கடிதம். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவர் கடிதத்தையும் என்னுடையதையும் ஒரே உறையில் போட்டு அனுப்புகிறேன். சாம்பலைச் சுரண்டிய விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும். அவருக்கு இல்லாத ஒன்று நம் இருவருக்குள் இருக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

பத்தாம் மாதம் வாருங்கள். கரிக்குழி பக்கத்தில் உங்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன். அவருக்குப் பக்கத்தில் இல்லை, எனக்கு இந்தப் பக்கம். முதல் நாள் சாப்பிட உட்காரும்போது, அவர் எதிரிலேயே அவர் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் அதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும்.

மூங்கில் குருத்து சூப் வைப்பேன். பத்து மாதமாக இந்த வீட்டில் எனக்கு உப்பு பார்த்துச் சொல்ல ஆளில்லை அக்கா. நீங்கள் வந்து சொல்லுங்கள். ஜாஸ்தி என்றாலும் பரவாயில்லை.

உங்கள் தங்கை
சூச்சின்