தலையில்லாத வேட்டைநாய்

தோரெசெல்லா,
9 மார்ச் 2014

அன்புள்ள நெரினா,

நீ வீட்டைவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே.

நேற்று நம் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நீ இருபது வருஷம் வேலை பார்த்த இடம். நானோ வாசலோடு சரி, ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. டிக்கெட் கொடுக்கும் இல்வா, "என்ன ஓரெஸ்தே, வழி தவறி வந்துட்டியா?" என்று சிரித்தாள்.

நீ ஒட்டிச் சரிசெய்த ரோமானியர் காலத்துக் கல்சித்திரத் தரையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது நம் வேலிக்கு அந்தப் பக்கம் கிடைத்ததே, அதுதான். பொடிக் கற்களாலான மான் முழுசாக இருக்கிறது. துரத்தும் நாய்க்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. 'மீதி கிடைக்கவில்லை' என்று பலகை. பக்கத்தில் ஒருத்தி கணவனிடம், "எதைத் துரத்துறோம்னே தெரியாம ஓடுது, பாவம்" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மீதி நம் குளியலறைக்கு அடியில் இருக்கிறது, நெரினா. 2000-ல் நீ ராவென்னாவுக்குப் பயிற்சிக்குப் போன பதினைந்து நாளில், குழாய் பதிக்கத் தோண்டினேன். கடப்பாரை பட்டு அந்த நாயின் தலையில் கொஞ்சம் உதிர்ந்தது. வெளியே தெரிந்தால் வேலையை நிறுத்துவார்கள், வீடே போய்விடும் என்று என் கொத்தனார் புத்தி சொல்லிற்று. மணலைப் பரப்பி சிமென்ட் ஊற்றிவிட்டேன். நீ அந்தத் தலையைத் தேடி அலைந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நீ வா. உன் கண் முன்னாலேயே உடைக்கிறேன்.

உன்
ஓரெஸ்தே


திரியெஸ்தே,
17 மார்ச் 2014

ஓரெஸ்தே,

உன் பழைய இருமல் நின்றதா? கடிதத்தைக் கிழிக்கவில்லை.

ஆனால் அது எனக்குப் புதுச் செய்தி இல்லை. ராவென்னாவிலிருந்து வந்த மறுநாள் உன் வேலைக் கால்சட்டையைத் துவைத்தேன். கால் மடிப்புக்குள் மூன்று பொடிக் கற்கள். நாள் முழுக்க அந்தக் கல்லோடு கிடக்கிறவளுக்குத் தெரியாதா? நீ புதுக் குளியலறையைக் காட்டி, "பாரு, ஒட்டுப் போட்ட இடமே தெரியல!" என்று பெருமையடித்தாய். "கீழ ஒண்ணும் கிடைக்கலையா?" என்று கேட்டேன். "வெறும் மண்ணு" என்றாய்.

நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சாப்பிடும்போதெல்லாம் அந்தத் தலையைப் பற்றியே பேசினேனே, உன் வாயைக் கிளறத்தான். ஒன்பது வருஷம் தினமும் அந்தத் தரையில் நின்று குளித்தேன். அந்தப் பிடிவாதத்தில் நானும் பொய்க்காரியானேன். 'மீதி கிடைக்கவில்லை' என்று பலகைக்கு எழுதிக் கொடுத்தது நான்தான், ஓரெஸ்தே. அதைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போக முடியாமல்தான் ஊரைவிட்டு வந்தேன்.

நான் கல்லைக் காட்டிக் கேட்டிருந்தால் அன்றே அழுதுகொண்டு சொல்லியிருப்பாய். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நான் வரமாட்டேன். இனி உன் முகத்தையும் அந்தப் பலகையையும் ஒரே நாளில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ உடைக்காதே. அருங்காட்சியகத்துக்குச் சொல், என்னிடம் வேலை கற்ற பெண்கள் வந்து பக்குவமாக எடுப்பார்கள். என் பொய்யையும் சேர்த்தே சொல்லிவிடு.

மூன்று கல்லையும் இதில் வைத்திருக்கிறேன். கறுப்பு, நாயின் கண்ணாக இருக்கும். அவர்கள் கையிலேயே கொடு, தொலைத்துவிடாதே.

நெரினா