நேராகத்தான் போனாய்

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட என் தம்பி சுதாகரா,

நீ ஓட்டிய சின்ன விமானம் மேலே ஏறும்போதே எஞ்சின் நின்று விழுந்துவிட்டது என்றுதான் முதலில் சொன்னார்கள். காரியம் முடிந்த பிறகு, உன்னோடு பைலட் படிப்பு படித்த நண்பன் வந்தான். கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்திலிருந்து நான்தான் வண்டியில் கூட்டிவந்தேன். ஏறும்போது எஞ்சின் நின்றால் நேராக முன்னால் போய்த்தான் இறக்க வேண்டுமாம், திரும்பவே கூடாதாம், திரும்பினால் வேகம் குறைந்து விழுந்துவிடுமாம். நீ ஓடுபாதைக்குத் திரும்பினாயாம். வழியிலேயே சொல்லிவிட்டான்.

ஏன்டா திரும்பினாய்? முன்னால் வீடுகள் இருந்தனவா? இல்லை, அப்பா படகில் சொல்லிக்கொடுத்தது கையில் வந்துவிட்டதா? கரையை விட்டதும் எஞ்சின் நின்றால் யோசிக்காமல் கரைக்குத் திருப்பு என்பாரே. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

வீட்டில் அப்பாவும் அந்த விதியை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம் புள்ள திரும்புனானா தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டு நீ நேராகத்தான் போனாய் என்றேன். அவனும் தலையாட்டினான். அதன்பிறகு நம் ஊர் மண்டபத்தூரில் எல்லாரும் கடலுக்குப் போனார்கள், நம் படகு மட்டும் கரையிலேயே கிடந்தது.

நேற்றுதான் அப்பா தனியாகப் படகை எடுத்தார். அலையைத் தாண்டியதும் எஞ்சின் நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் யோசிக்காமல் திருப்பிய மனுஷன், கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். படகு சாய்ந்து சாய்ந்து ஆடியது. கரையில் நின்று, திருப்பச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். அதன்பிறகுதான் துடுப்பை எடுத்தார்.

கரையேறி, சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்றார்.

"இப்ப சொல்லு. அவன் திரும்புனான்ல?"

"இல்லப்பா. நேராத்தான் போனான்."

நம்பினாரா என்று தெரியவில்லை. எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மெக்கானிக் கடைக்கு நடந்தார். நாளை மறுபடி போவார். நானும் கரையில் நிற்பேன்.

இனி எப்போது கேட்டாலும், சாகக் கிடக்கும்போது கேட்டாலும், இதையேதான் சொல்வேன். இது உன்மேல் சத்தியம். ஒருநாள் அங்கே வந்து உன்னிடமும் கேட்பார். மாற்றிச் சொல்லிவிடாதே.

பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று நீ கேலி செய்த,
உன் அக்கா