கழுவாத கை

ஸ்காட்லாந்து,
ஆகஸ்டு 1927

ஆம்பூரில் இருக்கும் பூரணிக்கு உன் புருஷன் ஜம்புலிங்கம் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் இருமலும் உன் முதுகுவலியும் கம்மியானதா என்று உடனே தெரியப்படுத்து.

துரையும் துரைசாணியும் ஓய்வுக்காக இந்த மீன்பிடி ஊரில், கடலோரமாக ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறார்கள். சமைத்துப் போட்டுவிட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது. "நீயும் ஓய்வா இரு, ஜம்பு" என்கிறார் துரை. ஓய்வாம் ஓய்வு! உட்கார்ந்தாலே பேஜாராக இருக்கிறது. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

நேற்று காற்றில், நீ தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற தோல் ஷாப்பு வாசனை வந்தது. அடுப்பை அப்படியே விட்டு ஓடினேன். இங்கே மீன்பிடிக்கிறவர்கள் வலை மக்கிப் போகாமல் இருக்க மரப்பட்டைத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். யாரையும் கேட்காமல் கையை விட்டு வலையைப் புரட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்தால் துரையின் மீன் கருகிக் கிடந்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. பட்டைச் சாயம் ஏறிய என் கையைப் பார்த்து ரத்தம் என்று துரைசாணி அலறியதுதான் மிச்சம்.

சோப்பு போட்டும் சிவப்பு போகவில்லை. உன் கை மாதிரியே இருக்கிறது.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பு. தபால்காரன் வந்துவிட்டான். பதிலை வாத்தியார் எழுதினாலும் காகிதத்தை நீயே மடி. பட்டை இடித்துவிட்டு வந்து, கழுவாத கையால் மடி.

ஜம்புலிங்கம்