மூடுபனியில் ஓடிய மோட்டார்

கியாம்போ,
நவம்பர் 14

அன்புள்ள அட்டிலியோவுக்கு,

"அக்கா, இந்த மோட்டாருக்குள்ள சுத்துற ரோட்டர்ல காந்தமும் இல்ல, செப்புக் கம்பியும் இல்ல. வெறும் இரும்பு எப்படிச் சுத்தும்?" கல்லூரியில் படிக்கும்போது என்னிடம் கேட்டாய். சந்தை நாளில் கூட்டம் அகலமான தெருவைத்தானே தேடும், காந்தப்புலமும் அப்படித்தான் என்றேன். இரும்பில் பிளவுகள் வெட்டினால் ஒரு திசை அதற்குச் சுலபம், மற்றது கடினம். புலம் சுழலச் சுழல, சுலபமான திசையைக் காட்டியபடி ரோட்டரும் கூடவே திரும்பும்.

பிளவுகளுக்கு இடையே இரும்பு அடுக்குகளைப் பிடித்து வைக்கும் சின்ன இணைப்புகளை நீ மறக்கவில்லை. உங்கள் நிறுவனத்துக்கு நீ வடிவமைத்த மோட்டாரில் அவற்றை மெலிய வைத்திருக்கிறாய். நேற்று தோல் ஆலையின் உலர்த்தும் கூடத்தில் உங்கள் விசிறி மோட்டார் கிறீச்சிட்டு இறுகி நின்றது. இரண்டடி தள்ளி நின்றவள் அங்கே வேலை செய்யும் என் மகள் இல்டே. மேஸ்திரி அவளிடம், "உங்க மாமா மோட்டார் சிக்கனம்தான்மா, பாரு, இப்ப கரண்டே இழுக்கல" என்றாராம். அவள் சிரித்தாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரித்துப் பார்த்தார்கள். இணைப்புகள் அறுந்து, ரோட்டர் புடைத்து, அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் உரசியிருக்கிறது. ஏன் என்று எழுது.

உன் அக்கா,
நிவேஸ்


விசென்சா,
நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இல்டேவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும். ஆனால் மோட்டார் மேல் உள்ள பெயர்த்தகட்டில் நிமிடத்துக்கு 1500 சுற்று என்று எழுதியிருக்கிறோம். உங்கள் ஆலையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவைத் திருகி 2250-இல் ஓட்டியிருக்கிறார்கள். அது என் தவறா?

அந்த இணைப்புகள் வழியாகத்தான் காந்தப்புலம் வீணாகக் கசிகிறது. தடிமனாக விட்டால், மின்சிக்கனத்தில் மிக உயர்ந்ததான ஐந்தாம் தரச் சான்று கிடைக்காது. சான்று இல்லாத மோட்டாரை யார் வாங்குவார்கள்? அந்த ஒன்றில் ரோட்டரின் இரும்பு அடுக்குகளை வெட்டியது சரியில்லாமல் இருக்கலாம். மற்றவை நன்றாகத்தான் ஓடுகின்றன.

இல்டேவிடம் சொல், இதை வெளியே பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். உலர்மீன் ஊறிக்கொண்டிருக்கிறது.

அன்புத் தம்பி,
அட்டிலியோ


கியாம்போ,
நவம்பர் 21

அட்டிலியோ,

மீனை நீயே சாப்பிடு.

நீ இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவன். நவம்பர் மூடுபனியில் தோல் காயாது, எல்லா ஆலையிலும் விசிறி வேகத்தைக் கூட்டுவார்கள். நம் அப்பா கப்பியை மாற்றிக் கூட்டுவார். டிரைவ் இல்லாமல் ஓடவே ஓடாத மோட்டாரை விற்றுவிட்டு, டிரைவைத் திருகினார்கள் என்று குறை சொல்கிறாய். வேகம் ஒன்றரை மடங்கானால் வெளியே இழுக்கும் விசை இரண்டேகால் மடங்கு. தண்ணீர் வாளியைச் சுற்றி விளையாடும் குழந்தையின் கைக்கே அது தெரியும். நீ சான்றுக்குக் கணக்குப் போட்டாய், பனிக்குப் போடவில்லை.

இல்டே பேசிவிட்டாள். நான்தான் பேசச் சொன்னேன். இன்று மூன்று ஆலைகளில் உங்கள் மோட்டார்களை நிறுத்திவிட்டார்கள். உன் வேலை போகலாம். தெரிந்துதான் செய்தேன்.

வேறு யாருக்கெல்லாம் விற்றீர்கள் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். மற்றவை நன்றாக ஓடுகின்றன என்பதை நீ நிஜமாகவே நம்பினால், இந்தப் பனியில் வேலை செய்த ஒரு மோட்டாரை வரவழை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தண்டைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார். உள்ளே காந்தம் இல்லை, கைக்குத் தடையே தெரியக் கூடாது. எங்காவது உரசினால் எனக்குப் பதில் எழுதாதே. அந்த ஆலைகளுக்கு எழுது.

நிவேஸ்